குரைத்தால் போதும்

உங்கள் பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் இந்தப் போட்டோவை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். 'குற்றத் தடுப்பு விழிப்புணர்வுப் பயிற்சி முகாம்.' முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் இருப்பவர் தோளில் பொன்னாடை. ஓரத்தில் நிற்பவர் பாதிதான் படத்துக்குள் வந்திருப்பார். 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்று செய்தி முடியும்.

அந்தத் திரளானோர் மறுநாள் காலையில் எதை மாற்றிச் செய்தார்கள்? அது மட்டும் செய்தியில் வராது.

பெரம்பலூரில் அப்படி ஒரு முகாமில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பத்திரிகைக்காரன் என்பதால் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. வந்திருந்தவர்கள் வங்கி ஊழியர்கள், நகைக்கடைக்காரர்கள், ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து இ-சேவை நடத்துகிறவர்கள், ஓரிரண்டு கல்யாண மண்டப மேனேஜர்கள். பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் கலந்து வந்திருந்தார்கள்.

இந்த இரண்டு மாவட்டங்களும் ஒரே வீட்டில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த வருஷமே மறுபடி சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். அண்ணன் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். தம்பி பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட், முந்திரி. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போனால் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பிய பணம். சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போனால் பெரம்பலூரைத் தாண்டுவீர்கள்; ரயிலில் போனால் அரியலூரை. தாண்டிப் போகிறவர்கள் கண்ணுக்குப் பொட்டல் காடு. ஆனால், பாங்க் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், எத்தனை வீடுகளின் முப்பது வருஷ வியர்வை டெபாசிட் ரசீதாகப் பீரோவில் தூங்குகிறது என்று. அது தூங்குவது திருடனுக்கும் தெரியும்.

முகாம் வழக்கம்போல நடந்தது. தலைமையுரை, வாழ்த்துரை, பவர்பாயிண்ட். ஓ.டி.பி. சொல்லாதீர்கள், முன்பின் தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பேராசை பெருநஷ்டம். எல்லாமே சரிதான். யாரும் மறுக்க முடியாது. பதினொன்றரைக்கு டீ, சமோசா.

அந்த டீ இடைவேளையில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

அரியலூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் பெண். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சி கொடுக்க வந்தவரிடம் கேட்டார்:

"சார், நீங்க சொல்றதெல்லாம் கஸ்டமருக்குச் சொல்ல வேண்டியது. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒரு பெரியவர் வந்து டெபாசிட்டை முறிக்கணும்னு நிக்கிறார். பார்த்தாலே தெரியுது, யாரோ ஆட்டி வைக்கிறான்னு. நான் 'எதுக்குய்யா?'ன்னு கேட்டா 'என் பணம், உனக்கென்ன?'ங்கிறார். மேனேஜர் 'உனக்கேம்மா வம்பு, க்யூ நீளுது பாரு'ங்கிறார். நான் என்ன சார் பண்ணணும்?"

பயிற்சியாளர் நேர்மையான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றார். நல்ல கேள்வி என்றால் பதில் கையில் இல்லை என்று அர்த்தம்.

"நீங்க என்னம்மா பண்ணினீங்க?" என்று நான் கேட்டேன். அவர் சொன்னது இது.

ஒரு நாள் மதியம் ஒரு விவசாயி வந்திருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். பேத்தி கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்த டெபாசிட். அதை முறித்து ஆர்.டி.ஜி.எஸ். பண்ண வேண்டும் என்கிறார். பெறுகிறவர் பேர் வடக்கத்திப் பேர். கணக்கு வேறு மாநிலத்துக் கிளையில். பெரியவரின் சட்டைப் பையில் செல்போன், திரை எரிந்துகொண்டிருக்கிறது. யாரோ மறுமுனையில் இருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை பேசும் முன்னால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

இந்தப் பெண் வாய் திறக்கவில்லை. சலானைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'போன்ல யாரு?'

பெரியவர் பார்த்தார். பேனாவை வாங்கி நடுங்கும் கையால் எழுதினார்: 'போலீசு.'

உடனே இந்தப் பெண் போனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "சர்வர் டவுன் ஐயா! இன்னிக்கு ஆகாது. நாளைக்கு வாங்க!"

சர்வர் டவுன்! நீங்களும் நானும் எத்தனை முறை சபித்திருப்போம் அந்த வார்த்தையை. அன்று அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. பெரியவரை உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போனை அணைத்து, மகனுக்குத் தகவல் சொல்லி... பேத்தியின் கல்யாணப் பணம் அங்கேயே இருக்கிறது.

"மேனேஜர் என்ன சொன்னார்?" என்றேன்.

"அவருக்கு இன்னும் தெரியாது சார். உண்மையிலேயே சர்வர் டவுன்னு நெனச்சுக்கிட்டிருக்கார்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு உறைத்தது. ஒரு குற்றத்தைத் தடுத்த ஊழியர், அதைத் தன் மேலதிகாரியிடம் சொல்லப் பயப்படுகிறார். இது வேடிக்கையான விஷயமா?

அந்தப் பெரியவருக்கு நேர்ந்ததற்குப் பெயர் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்ம், பின்னால் அசோகச் சக்கரம், 'உங்கள் ஆதாரை வைத்துக் கள்ளக்கடத்தல் நடந்திருக்கிறது, போனை வைத்தால் ஜெயில்' என்று மிரட்டல். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் எங்குமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். ஆனாலும் விழுகிறார்கள். 2024-ம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் இந்தியர்கள் பறிகொடுத்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் சுமார் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. விழிப்புணர்வு முகாம்கள் நடந்துகொண்டேதான் இருந்தன.

ஏன்? பயந்துபோன மனிதனுக்குப் படித்த பாடம் ஞாபகம் வராது. அவ்வளவுதான் விஷயம். விழிப்புணர்வு என்பது நிதானமாக இருக்கும்போது கேட்டுக்கொள்வது. மோசடி என்பது நிதானத்தைப் பறித்துவிட்டுச் செய்வது. ஆகவே, பாதிக்கப்படப் போகிறவருக்கு மட்டும் பாடம் நடத்திப் பிரயோஜனமில்லை. அவருக்குப் பக்கத்தில் நிதானமாக இருக்கிற ஒருத்தருக்குப் பாடம் நடத்த வேண்டும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1979-ல் அமெரிக்காவில் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு பேர் ஒரு எளிய கணக்குப் போட்டார்கள். ஒரு குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும். துணிந்தவன் ஒருவன், தோதான இலக்கு ஒன்று, குறுக்கே நிற்க ஆள் இல்லாத நேரம். குறுக்கே நிற்கிற ஆள் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டு அக்கா, வாட்ச்மேன், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண், யாராகவும் இருக்கலாம். மூன்றில் துணிந்தவனை நாம் திருத்த முடியாது. அவன் எங்கோ ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். இலக்கை ஒளித்து வைக்க முடியாது. நம் கையில் மிச்சமிருப்பது மூன்றாவதுதான்.

நான் காமர்ஸ் படித்தவன். பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரு வரி உண்டு. 1896-ம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு, கிங்ஸ்டன் காட்டன் மில். மில் மேனேஜர் சரக்கிருப்பின் மதிப்பை ஏற்றி எழுதிக் கணக்கைக் கெடுத்திருந்தார். ஆடிட்டர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் மேல் தப்பு உண்டா என்று கேள்வி. நீதிபதி லோப்ஸ் சொன்னார்: ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. திருடனைத் துரத்திப் போய்ப் பிடிப்பது அவர் வேலை இல்லை. சந்தேகத்துக்கு இடம் இருந்தால் குரைக்க வேண்டும்.

பரீட்சையில் ஐந்து மார்க் வாங்கிக்கொடுத்த அந்த வரிதான், குற்றத் தடுப்புப் பயிற்சிக்கு மொத்தப் பாடத்திட்டமும் என்று இப்போது தோன்றுகிறது. (நல்ல மனிதர்களை நாயோடு ஒப்பிடுகிறேனே என்று கோபிக்காதீர்கள். நன்றியுள்ள பிராணிதானே?) குரைக்கப் பழக்க வேண்டும். கடிக்கப் பழக்கக் கூடாது.

கடிக்கப் பழக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதே அரியலூர்ப் பக்கத்திலேயே ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. பொன்பரப்பி. 1987 செப்டம்பர் 1. அங்கிருந்த ஸ்டேட் பாங்க் கிளைக்குள் ஆயுதங்களோடு ஒரு குழு நுழைந்தது. தமிழ்நாடு விடுதலைப் படையின் தலைவர் தமிழரசனும் கூட்டாளிகளும். ஊர் திரண்டுவிட்டது. தமிழரசனையும் சேர்த்து ஐந்து பேர் அடித்தே கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய அரசியலைப் பற்றியும் அன்றைக்கு நடந்ததைப் பற்றியும் இன்றுவரை ஆளுக்கொரு பேச்சு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. பாங்க் பணம் தப்பித்தது. அதற்குப் பெயர் குற்றத் தடுப்பா? ஒரு குற்றத்தைத் தடுக்கப் போய் ஊரே சேர்ந்து ஐந்து உயிரை எடுத்ததற்குக் கணக்கில் எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது?

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான். ஊர் கூடி அடித்ததில் வயதான ஓர் அம்மா செத்துப்போனார். அடித்தவர்கள் எல்லோரும் 'விழிப்புணர்வு' பெற்றவர்கள்தான். பயம் நிறைய இருந்தது, பயிற்சி இல்லை.

சரி, முறையாகப் பயிற்சி கொடுத்து மக்களைப் போலீஸோடு சேர்த்தால்? அதையும் தமிழ்நாடு செய்து பார்த்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. காவல்துறையின் நண்பர்கள். யோசனை நல்ல யோசனை. போலீஸைக் கண்டால் மக்களுக்குப் பயம், மக்களைக் கண்டால் போலீஸுக்குச் சந்தேகம். நடுவில் ஒரு பாலம் போடலாம் என்றார். மாநிலம் முழுக்கப் பரவியது. வெளிநாட்டிலும் பேசப்பட்டது. ஆனால் போகப் போக, சில ஊர்களில் நண்பர்கள் கையில் லத்தி வந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, இந்த நண்பர்கள் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. இருபத்தேழு வருஷ முயற்சி. கண்ணும் காதுமாக இருக்கச் சொன்னவர்கள் கையும் காலுமாக ஆனதில் வந்த வினை.

ஆகவே முதல் விதி: குற்றத் தடுப்புப் பயிற்சி என்பது மக்களைப் பாதிப் போலீஸாக்குவது இல்லை. அவரவர் வேலையை அவரவர் கண்ணைத் திறந்துகொண்டு செய்யப் பழக்குவது. கேஷியர் கேஷியராகவே இருக்கட்டும்.

இதில் நம் பாட்டன்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அந்தச் சோழ வம்சத்தில், ராஜேந்திரனுக்கு நூறு வருஷம் முன்னால், பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் பொறுப்புக்கு வரக்கூடாது என்கிறது அது. ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பது விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன். அவனிடமிருந்து ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையைச் செருகி வைத்திருக்கக்கூடாது அல்லவா!

பாருங்கள், 'மத்தியஸ்தர்களே, நேர்மையாக இருங்கள்' என்று அந்தக் கல்வெட்டு அறிவுரை சொல்லி நிறுத்தவில்லை. கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதுதான் பயிற்சி. மற்றதெல்லாம் சொற்பொழிவு.

சொற்பொழிவும் பயமுறுத்தலும் பலன் தராது என்பதை வெளிநாட்டில் காசு செலவழித்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' என்று ஒரு திட்டம். தப்பான வழியில் போகிற பையன்களை ஜெயிலுக்கு அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டினால் திருந்திவிடுவார்கள் என்று நம்பினார்கள். 1978-ல் அதைப் பற்றி எடுத்த டாக்குமெண்டரி ஆஸ்கரே வாங்கியது. எல்லோருக்கும் பரம திருப்தி. பிற்பாடு ஒன்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், பார்க்காத பையன்களைவிட அதிகமாகத் தப்பு செய்திருந்தார்கள்! நல்ல எண்ணத்தில் நடத்துவதாலேயே ஒரு பயிற்சி நல்லது செய்துவிடாது.

பலன் கொடுத்தது எது? பிரிட்டனில் 'பாங்கிங் புரோட்டோகால்' என்று ஒன்று. 2016-ல் லண்டனில் சோதனையாகத் தொடங்கி, 2018-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. வயதானவர் ஒருவர் திடீரென்று பெரிய தொகை எடுக்க வந்தால் கவுண்டரில் இருப்பவர் என்ன கேட்க வேண்டும், எந்தக் குரலில் கேட்க வேண்டும், சந்தேகம் தீராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குகிறார்கள். அவர் ரகசிய வார்த்தையைச் சொல்லிப் போன் செய்தால் போலீஸ் அவசரமாக வந்து நிற்க வேண்டும். குரைப்பது இவர் வேலை, வருவது அவர்கள் வேலை.

ஜப்பானில் 'நான்தான் பாட்டி பேசறேன்' என்று பேரன் மாதிரிப் பேசிப் பணம் பறிக்கும் மோசடி இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அங்கே பெட்டிக்கடை மாதிரித் தெருவுக்குத் தெரு இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களின் ஊழியர்கள், ப்ரீபெய்டு கார்டு வாங்க வரும் பாட்டிகளிடம் 'யாருக்குப் பாட்டி?' என்று கேட்கிறார்கள். தடுத்தவர்களைப் போலீஸ் அழைத்துப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் ஒரு ஸ்டேட் பாங்க் கிளை. 13 லட்சம் அனுப்ப வந்த ஒரு மூத்த குடிமகனின் பதற்றத்தைக் கவனித்து, திரும்பத் திரும்ப விசாரித்து, ஊழியர்கள் தடுத்துவிட்டார்கள். அதுவும் டிஜிட்டல் அரெஸ்ட்தான். கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தார்.

இப்போது பெரம்பலூர் - அரியலூருக்குத் திரும்புவோம். அங்கே அடுத்த முகாமை நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு வந்தால் இப்படிச் செய்வேன்.

முதலில், யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பேன். பொதுமக்கள் அனைவரும் வருக என்று போட மாட்டேன். குற்றம் எந்த வாசல் வழியாக நுழைகிறதோ, அந்த வாசலில் நிற்பவரைக் கூப்பிடுவேன். டெபாசிட் முறிபடும் வாசலில் பாங்க் கிளார்க். 'மாதம் ஐயாயிரம் தர்றேன், உன் பாங்க் அக்கவுண்டைக் கொடு' என்று காலேஜ் பையன்களை வளைக்கிறார்களே, அந்த வாசலில் கல்லூரி ஆசிரியர். கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் மியான்மரில் மோசடிக் கம்பெனியில் அடைக்கும் வாசலில், டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ்காரர். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீண்டு சென்னை வந்திறங்கிய 13 தமிழர்கள் அப்படிப் போனவர்கள்தான். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பார்க்கத் தெரிந்த ஒருத்தர் அந்த மேஜையில் இருக்க வேண்டும்.

பெண் குழந்தைக்குப் பதினெட்டு ஆகும் முன்னால் தாலி ஏறும் வாசலில், மண்டப மேனேஜர். 2006-ம் வருஷச் சட்டப்படி குழந்தைத் திருமணத்தை நடத்திவைப்பவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அட்வான்ஸ் வாங்கும்போதே 'பொண்ணோட பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு' என்று கேட்கப் பழகினால் போதும். ஒரு ஜெராக்ஸ், இரண்டு ரூபாய்.

இரண்டாவது, மேடை கிடையாது. ஒத்திகை மட்டும்தான். ஒருத்தர் பெரியவராக நடிக்கட்டும், சட்டைப் பையில் போனோடு. இன்னொருத்தர் கவுண்டரில். பெரியவர் கத்தட்டும், 'என் பணம்! உனக்கென்ன!' என்று. கவுண்டரில் இருப்பவர் குரல் உயராமல் பதில் சொல்லிப் பழகட்டும். முதல் தடவை உளறுவார். ஐந்தாவது தடவை வாய் தானாக வரும். தீயணைப்புப் படை வாளியைப் பற்றிப் பேசிப் பயிற்சி எடுப்பதில்லை, தூக்கித்தான் எடுக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டு மறுபடி நடிக்க வைப்பேன். ஏனென்றால், மோசடிக்காரன் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வசனத்தை மாற்றுகிறான்.

மூன்றாவது, ஏமாந்த பிறகு என்ன என்பதையும் கையோடு பழக்குவேன். 1930 என்ற எண்ணுக்குப் போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணம் கை மாறுவதற்குள் வழியில் நிறுத்த முடியும். அழுது முடித்துவிட்டு, சொந்தக்காரர்களிடம் மறைத்துவிட்டு, மறுநாள் சொன்னால் பணம் பத்துக் கணக்கு தாண்டியிருக்கும். வெட்கப்படுகிற நேரம்தான் திருடனுக்குக் கிடைக்கிற அவகாசம்.

நான்காவதுதான் முக்கியமானது. அந்தப் பெண்ணோடு அவருடைய மேனேஜரையும் கூப்பிடுவேன். முதல் வரிசையில் உட்கார வைப்பேன். முடிந்தால் மேனேஜரின் மேனேஜரையும்.

காவல் நாய் ஏன் குரைப்பதில்லை? குரைக்கத் தெரியாமல் இல்லை. போன தடவை குரைத்தபோது எஜமானர் காலால் எட்டி உதைத்தார், அதனால். நம் அலுவலகங்களில் கேள்வி கேட்கிற ஊழியருக்கு என்ன பெயர்? 'லேட் பண்றவங்க.' 'கஸ்டமரைக் கோபப்படுத்துறவங்க.' அந்தப் பெண் பொய் சொல்லித்தான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்தது. ஏனென்றால், 'ஐயா, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நாளை வரை நிறுத்தி வைக்கிறேன்' என்று உண்மையைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இது பயிற்சியின் குறை இல்லை. நிர்வாகத்தின் குறை.

மற்ற நாடுகளில் அந்த அதிகாரத்தைச் சட்டமாகவே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் கடைசியிலிருந்து, மோசடி என்று நியாயமான சந்தேகம் இருந்தால் வங்கிகள் பணம் அனுப்புவதைக் கூடுதலாக 72 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம். நமக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற சிங்கப்பூரில், 2025 ஜூலையிலிருந்து ஒரு சட்டம். ஒருவர் மோசடியில் சிக்கியிருக்கிறார், சொன்னாலும் கேட்கவில்லை என்றால், அவர் கணக்கிலிருந்து பணம் போகாமல் 30 நாள் வரை நிறுத்தி வைக்க வங்கிகளுக்குப் போலீஸ் உத்தரவிடலாம். 'என் பணத்தை நான் எடுக்க நீ யார்?' என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து கையெழுத்துப் போடுகிறவர் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி எடுக்கிறார் என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் தாமதம் வாழ்க்கையைக் கெடுக்காது. மூன்று நிமிஷ அவசரம் கெடுத்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1953-லிருந்து வருஷா வருஷம் 'இந்தியாவில் குற்றங்கள்' என்று மத்திய அரசு கனத்த புள்ளிவிவரப் புத்தகம் போடுகிறது. கொலை எத்தனை, கொள்ளை எத்தனை எல்லாம் இருக்கும். நடக்காமல் போன குற்றங்களுக்கு அதில் கட்டம் கிடையாது. எப்படி இருக்கும்? நடக்காத குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது. திருடனைப் பிடித்தவருக்கு மெடல் உண்டு, போட்டோ உண்டு. திருட்டே நடக்காமல் பார்த்துக்கொண்டவர் வழக்கம்போல ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அதனால் என் முகாமில் ஐந்தாவதாக ஒரு நோட்டு இருக்கும். நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு மண்டபத்திலும். 'இன்று சந்தேகப்பட்டுக் கேட்டது எத்தனை, தப்பித்தது எத்தனை.' மாதம் ஒருமுறை மேனேஜர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் தப்பாகப் போனாலும் திட்டக்கூடாது. பத்துத் தடவை தபால்காரனைப் பார்த்துக் குரைத்தால்தான் பதினோராவது தடவை திருடனைப் பார்த்துக் குரைக்கும்.

எல்லாம் சரி, இதில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நீங்கள் பாங்க் கிளார்க்கும் இல்லை, மண்டப மேனேஜரும் இல்லை. ஆனால் நீங்கள் கஸ்டமர். இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரே சத்தத்தில் கவிழ்த்துவிடக்கூடிய ஆள் நீங்கள்தான்.

அடுத்த தடவை நீங்கள் பெரிய தொகை எடுக்கப் போகும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண் தயங்கித் தயங்கி, "யாருக்கு சார் அனுப்புறீங்க? தெரிஞ்சவங்கதானே?" என்று கேட்கலாம். உங்களுக்கு அவசரம் இருக்கும். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். 'என் பணம், உனக்கென்ன?' என்று நாக்கு நுனி வரை வரும்.

வரட்டும். விழுங்கிவிடுங்கள். "ஆமாம்மா, என் தம்பிக்குத்தான். கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று, உள்ளே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்களுக்குப் பின்னால் அதே வரிசையில், சட்டைப் பையில் எரியும் போனோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருக்கலாம். அவரிடம் கேட்க அந்தப் பெண்ணுக்குத் தைரியம் மிச்சமிருக்க வேண்டாமா?